குவாரி மூடினாலும் தீராத நீர்க்கடன்: சரளைக் குழிகளுக்குக் கொலராடோ எழுதும் கணக்கு

புதுதில்லி: சாலைக்கும் கட்டடத்துக்கும் தேவையான மணலும் சரளைக்கல்லும் பெரும்பாலும் ஆற்றங்கரைகளில், நிலத்தடி நீர் ஊறிக் கிடக்கும் படிவுகளில்தான் கிடைக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுத்த இடத்தில் நீர் நிறைகிறது. இயந்திரங்களும் லாரிகளும் சென்ற பிறகு அது ஏரி போலக் காட்சி தருகிறது. ஆனால், மண்ணுக்கு அடியில் வெயில் படாமல் இருந்த நீர் இப்போது வெட்டவெளியில் ஆண்டு முழுவதும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த இழப்பை யார் கணக்கில் எழுதுவது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் இக்கேள்விக்குச் சட்டத்திலேயே விடை வைத்துள்ளது: குழியைத் தோண்டியவர் கணக்கில். அது மட்டுமன்றி, ஆவியான நீரையும், லாரியில் ஏறிய ஈரத்தையும் ஒவ்வொரு மாதமும் கணக்கிட்டு, அதே அளவு நீரை ஆற்றுக்குத் திருப்பித் தர வேண்டும் என்றும் அம்மாநிலம் கட்டளையிடுகிறது. நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டுவர இந்தியா முயன்று வரும் காலத்தில், இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, எங்கே தடுமாறுகிறது என்பது அறியத்தக்கது.

ஒரு சொல் விளக்கம் தேவை. தமிழ்நாட்டில் 'கிராவல்' என்றால் சாலை மேடு நிரப்பப் பயன்படும் செம்மண் கலந்த மண்ணே நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது அதுவன்று. மலையிலிருந்து ஆறு உருட்டிக் கொண்டுவந்து படியவைத்த கூழாங்கல்லும் மணலும் கலந்த சரளையே இக்கட்டுரையின் பொருள். கான்கிரீட்டுக்கும் தார்ச்சாலைக்கும் கொலராடோவில் அதுவே அடிப்படை மூலப்பொருள்.

ஆற்றுக்குக் கீழே இன்னோர் ஆறு

ராக்கி மலையில் தோன்றும் சவுத் பிளாட் ஆறு, டென்வர் நகரைக் கடந்து வடகிழக்காகச் சமவெளியில் ஓடி நெப்ராஸ்கா மாநிலத்துக்குள் நுழைகிறது. இதன் கரையிலும், கேஷ் லா பூடர், பிக் தாம்சன், செயின்ட் வ்ரேன் போன்ற துணையாறுகளின் கரைகளிலும் தடித்த சரளைப் படிவு உள்ளது. அப்படிவின் இடுக்குகள் முழுவதும் நீர். ஆற்றில் கண்ணுக்குத் தெரிந்து ஓடும் நீரும், இந்தப் படிவுக்குள் மெல்ல நகரும் நீரும் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டவை. கரையில் ஒருவர் கிணற்றிலிருந்து நீர் இறைத்தால், சில நாளிலோ சில ஆண்டிலோ ஆற்றில் அந்த அளவு குறையும்.

சமவெளிப் பகுதியில் ஆண்டு மழை 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. மலையில் உருகும் பனியை நம்பியே வாய்க்கால்களும் வயல்களும் உள்ளன. எனவே யாருக்கு முதலில் நீர் என்பது அங்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே சண்டையாகிவிட்டது. 1874ஆம் ஆண்டு வறட்சியில், கேஷ் லா பூடர் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த ஃபோர்ட் காலின்ஸ் மக்கள் நீரைத் திருப்பிக்கொள்ள, கீழ்ப்பகுதியில் அதற்கு முன்பே வாய்க்கால் வெட்டியிருந்த கிரீலி மக்களுக்கு நீர் வராமல் போயிற்று. அந்தத் தகராறின் சூட்டோடு எழுதப்பட்ட 1876ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு, முதலில் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்ற கோட்பாட்டை ஏற்றது. நிலம் ஆற்றோரம் இருப்பதால் மட்டும் நீர் உரிமை வந்துவிடாது; எந்த ஆண்டில் நீரைப் பயனுள்ள வேலைக்கு எடுக்கத் தொடங்கினார் என்பதே கணக்கு. 1870ஆம் ஆண்டு உரிமை மூத்தது. 1970ஆம் ஆண்டு உரிமை இளையது. ஆற்றில் நீர் குறைந்து மூத்த உரிமையாளர் தமக்கு வரவில்லை என்று முறையிட்டால், இளையவர்கள் தத்தம் மடையை வரிசைப்படி மூட வேண்டும்.

நெடுங்காலம் கிணறுகள் இந்த வரிசைக்கு வெளியே இருந்தன. ஆற்றுநீர் வேறு, கிணற்றுநீர் வேறு என்பதுபோல நடந்துவந்தது. 1969ஆம் ஆண்டின் நீர் உரிமைச் சட்டம் இரண்டையும் ஒரே முன்னுரிமை வரிசையில் இணைத்தது. பெரும்பாலான கிணறுகள் மிக இளையவை. வரிசையை அப்படியே செயல்படுத்தினால் கோடையில் அனைத்தையும் நிறுத்த வேண்டிவரும். அதற்கு மாற்றாகச் சட்டம் ஒரு வழி திறந்தது. ஆற்றுக்கு ஏற்படும் குறைவை வேறு நீரால், உரிய இடத்தில், உரிய காலத்தில், உரிய அளவில் நிரப்பினால், மூத்தவருக்குப் பாதிப்பில்லை. இளையவர் தொடர்ந்து நீர் எடுக்கலாம். நீர் நீதிமன்றம் ஒப்புதல் தரும் இந்த ஏற்பாட்டுக்கு ஈடுசெய் திட்டம் என்று பெயர்.

இது காகித அளவிலான கட்டுப்பாடு என்று எண்ண வேண்டியதில்லை. ஈடுசெய்யப் போதிய நீர் இல்லை என்ற காரணத்தால், 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் சவுத் பிளாட் படுகையில் 400க்கும் மேற்பட்ட பாசனக் கிணறுகள் நிறுத்தப்பட்டன. விதைத்துவிட்டு நீரில்லாமல் நின்றவர்கள் விவசாயிகள். சரளைக் குழியும் இதே தராசில்தான் நிற்கிறது. குவாரிக்காரர் திருப்பித் தராத ஒவ்வொரு பங்கு நீரும், கீழே உள்ள ஒரு வாய்க்காலில் குறையும் நீர்.

குழியா, கிணறா?

குவாரி நடத்துவோரின் வாதம் எளியது. தாங்கள் எடுப்பது கல், நீர் அன்று. குழியில் நீர் தானாக ஊறுகிறது. அதை யாரும் இறைத்து விற்கவில்லை. அப்படியிருக்க, கிணற்றுக்குரிய அனுமதி எதற்கு?

இந்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வழக்காடிய எதிர்த்தரப்பு, 1874இல் சண்டை நடந்த அதே கேஷ் லா பூடர் ஆற்றின் நீர்ப் பயனாளர் சங்கம். 1988ஆம் ஆண்டு ஸிகன் சரளை நிறுவன வழக்கில் நீதிமன்றம், நிலத்தடி நீரைத் திறந்துவிடும் சரளைக் குழி சட்டத்தின் பொருளில் ஒரு கிணறே என்று தீர்ப்பளித்தது. கொலராடோ சட்டத்தில் கிணறு என்பதன் வரையறை, நிலத்தடி நீரைப் பெறும் நோக்கம் கொண்ட அமைப்பை மட்டும் குறிப்பதில்லை. அந்த விளைவை உண்டாக்கும் அமைப்பையும் குறிக்கிறது. நோக்கம் கல்லாக இருக்கலாம்; விளைவு நீர் வெளிப்படுவது. எனவே குழிக்குக் கிணற்று அனுமதி வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடுசெய் திட்டமும் வேண்டும்.

அதே ஆண்டு, அதே சங்கத்துக்கு எதிரான த்ரீ பெல்ஸ் ராஞ்ச் வழக்கில் இன்னொரு கேள்வி எழுந்தது. குழி தோண்டும் முன் அந்த நிலத்தில் புல்லும் மரமும் இருந்தன. அவையும் வேர்வழி நீரை உறிஞ்சி ஆவியாக்கிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை அகற்றியதால் மிஞ்சிய நீரைக் குழியின் கணக்கில் கழித்துக்கொள்ளலாமா? கூடாது என்றது நீதிமன்றம். மரத்தை வெட்டி மிச்சம் பிடித்த நீருக்கு உரிமை கோர அனுமதித்தால், ஆற்றோரத்துக் காடெல்லாம் கோடரிக்கு இரையாகும் என்ற அச்சம் கொலராடோ சட்டத்தில் பழையது. 1974ஆம் ஆண்டு ஷெல்டன் பண்ணை வழக்கிலேயே, ஆற்றோர மரங்களை அழித்து நீர் உரிமை கேட்டவருக்கு அந்நீதிமன்றம் மறுப்புத் தெரிவித்திருந்தது.

ஆனால் சட்டமன்றம் குவாரித் தொழிலுக்குச் சற்று இரங்கியது. 1989ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டம், குழியாக மாறிய நிலப்பரப்பில் முன்பிருந்த இயற்கைத் தாவரங்கள் எவ்வளவு நீரை இயல்பாகச் செலவழித்தனவோ, அந்த அளவைக் கழித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. 1980 டிசம்பர் 31ஆம் தேதிக்கு முன்பே நீர் வெளிப்பட்டிருந்த பழைய குழிகளுக்கு, ஆவியாதலை ஈடுசெய்யும் கடமையிலிருந்து முழு விலக்கும் தந்தது. அந்தப் பழைய குழிகளில் நீர் ஆவியாகாமல் நின்றுவிடவில்லை; சட்டம் அதைக் கணக்கில் எழுதுவதில்லை என்பதே செய்தி. ஆறு அந்த இழப்பைத் தானே தாங்குகிறது.

மாதக் கணக்கு

குவாரி தொடங்கும்போதே நீர் நீதிமன்றத்தின் நிரந்தரத் தீர்ப்பைப் பெறுவது எளிதன்று, ஆண்டுகள் ஆகும். அதுவரை பயன்படுவது மாற்று நீர் வழங்கல் திட்டம். இதற்கு மாநில நீர்ப் பொறியாளர் ஒப்புதல் தருகிறார். பொதுவாக ஓராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 அடிக்குள் வேறு கிணறுகள் இருந்தால், அவற்றின் உரிமையாளர்களின் இசைவு பெற வேண்டும் அல்லது அவர்களின் எதிர்ப்பு விசாரிக்கப்பட வேண்டும். குழியில் நீரை இறைத்துக் காயவைத்து வேலை செய்தால், பக்கத்து வீட்டுக் கிணறும் வற்றக்கூடும் என்பதே காரணம்.

கணக்கில் முதல் இனம் ஆவியாதல். இதற்கென ஒவ்வொரு குழியிலும் அளவுகருவி வைப்பதில்லை. அமெரிக்க வானிலைத் துறை 1982இல் வெளியிட்ட ஆவியாதல் வரைபடத்தைக் கொண்டு ஆண்டு அளவு கணிக்கப்படுகிறது. டென்வருக்கு வடக்கே உள்ள சமவெளியில் அது ஏறத்தாழ 40 அங்குலம், அதாவது சுமார் ஒரு மீட்டர். அந்த ஆண்டு அளவை மாதங்களுக்குப் பிரித்தளிக்க நீர்ப் பொறியாளர் அலுவலகம் ஒரு பட்டியல் வைத்துள்ளது. கடல்மட்டத்திலிருந்து 6,500 அடிக்குக் கீழே உள்ள இடங்களில் ஜனவரிக்கு 3 சதவீதம். ஜூலைக்கு 15 சதவீதம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்று மாதங்களில் மட்டும் 43 சதவீதம். வயல்களுக்கு நீர் மிக வேண்டிய காலமும், குழி மிக அதிகமாக நீர் இழக்கும் காலமும் ஒன்றே என்பது இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது இனம் லாரியில் போகும் நீர். ஈரமான சரளையை ஏற்றினால் அதன் இடுக்கில் உள்ள நீரும் போய்விடுகிறது. கழுவி விற்கும் சரளைக்கு எடையில் 4 சதவீதமும், குழியை வற்றவைத்துத் தோண்டிக் கழுவாமல் விற்கும் சரளைக்கு 2 சதவீதமும் நீர் என்று கொள்வது அங்குள்ள நடைமுறை. இவற்றோடு புழுதி அடங்கத் தெளிக்கும் நீர், வளாகத்திலேயே கான்கிரீட் கலந்தால் அதற்கான நீர் ஆகியவையும் சேரும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதைத் தெளிவாக்கும். 10 ஏக்கர் பரப்பில் நீர் வெளிப்பட்டிருக்கும் குழி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 40 அங்குலம் ஆவியாகும்போது இழப்பு சுமார் 33 ஏக்கர்-அடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஏக்கர்-அடி. அது ஏறத்தாழ 12.3 லட்சம் லிட்டர். ஆக, இழப்பு 4 கோடி லிட்டரைத் தாண்டும். முன்பிருந்த புல் பூண்டு ஆண்டுக்கு 10 அங்குலம் நீரைச் செலவழித்தது என்று நிறுவ முடிந்தால், ஈடுசெய்ய வேண்டியது 25 ஏக்கர்-அடியாகக் குறையும். ஏறத்தாழ 3 கோடி லிட்டர். அதே குவாரி ஆண்டுக்கு 3 லட்சம் டன் சரளையைக் கழுவி விற்றால், 4 சதவீதக் கணக்கில் 12,000 டன் நீர், அதாவது 1.2 கோடி லிட்டர் லாரியில் போகிறது. விற்பனை நின்ற நாளில் இந்த இரண்டாவது தொகை பூஜ்யமாகிவிடும். முதல் தொகை அப்படியே நிற்கும்.

மூன்றாவதாக, நேரக் கணக்கு. குழியில் இன்று ஆவியான நீர் ஆற்றில் இன்றே குறைவதில்லை. ஆற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரம், படிவின் நீர்கடத்தும் திறன், அதன் இடுக்குகளில் தங்கும் நீரின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து அந்தக் குறைவு தாமதமாகச் சென்றடையும். கரையை ஒட்டிய குழியின் விளைவு விரைவில் தெரியும். ஒரு மைல் தள்ளியிருந்தால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பரவும். இதைக் கணிக்கப் பயன்படும் சமன்பாடு, அமெரிக்க நீர்ப்பாசனத் துறைப் பொறியாளர் ராபர்ட் குளோவர் மற்றொருவருடன் இணைந்து 1954இல் வெளியிட்டது. இன்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது.

இந்தத் தாமதத்தால் ஒரு விசித்திரம் நேர்கிறது. உலரவைத்துத் தோண்டும் குவாரிகள், சுற்றிலுமுள்ள நீரைத் தொடர்ந்து இறைத்து ஆற்றில் விடுகின்றன. இறைத்த நீர் ஆற்றிலேயே சேர்வதால் அந்நாட்களில் ஆற்றுக்குப் பெரிய குறை தெரிவதில்லை. ஒருநாள் பம்பு நிறுத்தப்படுகிறது. அதன்பின், வற்றிய படிவும் வெற்றுக் குழியும் நிரம்பும் வரை, ஆற்றுக்கு வரவேண்டிய நீரை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. வேலை முடிந்த பிறகுதான் குவாரியின் மிகப் பெரிய நீர்ச்செலவுகளில் ஒன்று தொடங்குகிறது. குழியின் முதல் நிரப்பலுக்கும் கணக்குக் காட்டி ஈடுசெய்ய வேண்டும் என்று ஒப்புதல் ஆணைகள் நிபந்தனை விதிப்பது இதனால்தான்.

இவை அனைத்தையும் அட்டவணையிட்டு, குவாரி நிறுவனம் மாதந்தோறும் படுகைப் பொறியாளருக்கும் உள்ளூர் நீர் ஆணையருக்கும் அனுப்ப வேண்டும். சவுத் பிளாட் படுகைக்கான அலுவலகம் கிரீலி நகரில் உள்ளது. நீர் ஆணையர் என்பவர் மடைகளைத் திறந்து மூடுவதை மேற்பார்க்கும் கள அலுவலர். ஆற்றில் யார் முறையிட்டுள்ளார், எந்த ஆண்டு உரிமை வரை நீர் கிடைக்கிறது என்பது அவர் கையில் இருக்கும் நாட்கணக்கு. ஆற்றில் எல்லோருக்கும் போதிய நீர் ஓடும் நாளில் ஈடுசெய்யத் தேவையில்லை.

திருப்பித் தரும் நீர் எங்கிருந்து வருகிறது?

புதிய நீரை எவரும் உண்டாக்க முடியாது. ஏற்கெனவே ஒருவரிடம் உள்ள நீரை வாங்கியோ, குத்தகைக்கு எடுத்தோதான் ஆற்றில் விட முடியும்.

வழிகளில் ஒன்று நகராட்சிகளின் கழிவுநீர். டென்வர் போன்ற நகரங்கள் மலைத்தொடருக்கு மேற்கே உள்ள ஆறுகளிலிருந்து சுரங்கக் குழாய் வழியே நீர் கொண்டுவருகின்றன. அப்படி வேற்றுப் படுகையிலிருந்து வந்த நீரை, சுத்திகரித்து ஆற்றில் விட்ட பிறகும் மறுபடி பயன்படுத்தவோ விற்கவோ நகரத்துக்கு உரிமை உண்டு. குவாரி நிறுவனங்கள் அதைக் குத்தகைக்கு எடுக்கின்றன. விடும் இடத்திலிருந்து பாதிப்பு நிகழும் இடம் வரை வழியில் கசிந்தும் ஆவியாகியும் குறையும் அளவையும் குத்தகைதாரரே ஏற்க வேண்டும்.

இன்னொரு வழி பாசன வாய்க்கால் நிறுவனங்களின் பங்குகள். வாய்க்காலின் உரிமை பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். விவசாயி தம் பங்கை விற்கலாம். ஆனால் வாங்கியவர் அந்த நீரை ஆற்றில் விடத் தொடங்கினால், முன்பு அந்நீர் பாய்ந்த வயல் இனிக் காய்ந்தே கிடக்க வேண்டும். வயலுக்கும் பாய்ச்சி, ஆற்றுக்கும் காட்டினால் ஒரே நீர் இருமுறை எழுதப்படும். ஆகவே எந்த வயல், எத்தனை ஏக்கர் என்பது குறிக்கப்பட்டு, அது உண்மையில் உலர்ந்துள்ளதா என்று சரிபார்க்கப்படுகிறது. வயல் முன்பு செலவழித்த அளவு மட்டுமே கணக்கில் சேரும். வயலிலிருந்து வடிந்து ஆற்றுக்குத் திரும்பிய பகுதி சேராது.

இந்த வழியின் விலையை யார் தருகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்கு முழுச் சரியாக இருந்தாலும், ஆறு நிறைந்தே ஓடினாலும், எங்கோ ஒரு வயல் விளைச்சலை இழக்கிறது. ஆற்றின் ஏட்டில் வரவும் செலவும் பொருந்துகின்றன. ஊரின் ஏட்டில் அப்படியில்லை.

குழிக்குப் பிறகு

இந்த முழு ஏற்பாட்டின் பலவீனம் காலத்தில் இருக்கிறது. சரளை 10, 20 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். நிறுவனம் வேறு ஊருக்குப் போகும். சில நிறுவனங்கள் கலைந்தும் போகும். குழியில் வெயில் படுவது மட்டும் நிற்காது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிகத் திட்டத்தை, நிறுவனமே இல்லாத காலத்தில் யார் புதுப்பிப்பது?

கொலராடோவின் சுரங்க மீட்பு மற்றும் பாதுகாப்புப் பிரிவு 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி குவாரி நிறுவனங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை இதையே தொட்டது. நிலத்தடி நீரை வெளிப்படுத்தும் குழிகளுக்கு, வேலை முடிந்த பின் நீர்ப் பாதிப்பு எப்படித் தீர்க்கப்படும் என்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று அது கேட்டது. குழியை மண்ணிட்டு நிரப்பலாம். நீர் புகாதபடி சுவர் எழுப்பலாம். நிரந்தர ஈடுசெய் திட்டத்தைப் பெறலாம். இல்லையேல் அதற்கு வேண்டிய நீர் உரிமையை ஒதுக்கி வைக்கலாம். எதுவும் நிறைவேறாவிட்டால் ஆகும் செலவுக்கு, நிறுவனம் முன்பே கட்டிய பிணைத்தொகை பொறுப்பேற்க வேண்டும். நீர்க்கடனும் நிலத்தைச் சீரமைக்கும் கடனும் ஒரே பிணைக்குள் வந்தது இந்தத் திட்டத்தின் நடைமுறை வரலாற்றில் முக்கியமான திருப்பம்.

இவற்றுள் தொழில்துறை மிக விரும்புவது சுவர். குழியைச் சுற்றி, சரளைக்கு அடியில் உள்ள களிப்பாறை வரை குறுகிய அகழி வெட்டி, மண்ணோடு பென்டோனைட் களிமண்ணைக் குழைத்து நிரப்புகிறார்கள். அது இறுகியதும் வெளிநீர் உள்ளே வராது. உள்நீர் வெளியே போகாது. நிலத்தடி நீருடன் தொடர்பு அறுந்துவிட்டதால் குழி இனிக் கிணறாகாது; நீர்த்தேக்கம் ஆகிவிடும். கசிவு அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று நீர்ப் பொறியாளர் அலுவலகம் சோதனை கேட்கிறது. இதற்கான வழிகாட்டு நெறிகள் 1999இல் வெளியாயின. தேறிய குழிகளை நகரங்கள் வாங்குகின்றன. டென்வர் குடிநீர் நிறுவனமும் தோர்ன்டன் நகரமும் இத்தகைய பழைய சரளைக் குழிகளில் நீர் சேமித்து வருகின்றன. மலைப்பள்ளத்தாக்கில் புதிய அணை கட்ட அனுமதி பெறுவதைவிட இது எளிது. கடனாக நின்ற குழி, விற்பனைக்குரிய சொத்தாகிவிடுகிறது.

சுவருக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. நிலத்தடியில் ஓடும் நீர் சுவரில் மோதி மேற்பக்கம் மேலெழும்புகிறது, கீழ்ப்பக்கம் தாழ்கிறது. ஒரு குழிக்கு இது சிறிது. அடுத்தடுத்துப் பல குழிகள் சுவரெழுப்பிய இடத்தில் ஒரு வீட்டின் நிலவறையில் நீர் புகவும், இன்னொருவர் கிணறு வற்றவும் கூடும்.

இந்தியாவில் நிலை

இந்தியச் சட்டத்தின் தொடக்கப்புள்ளியே வேறு. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீரைத் தம் நிலத்தின் எல்லைக்குள் எடுத்துப் பயன்படுத்தும் உரிமையை நில உரிமையாளருக்கு அளிக்கிறது. ஆற்றுக்கும் கிணற்றுக்கும் ஒரே வரிசை என்ற கருத்துக்கு அங்கு இடமில்லை.

அதன்மேல் பின்னர் வந்தது ஒழுங்குமுறை. உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1997இல் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அதிகார வரம்புக்குட்பட்ட மாநிலங்களுக்கான இப்போதைய வழிகாட்டுதல்கள் 2020 செப்டம்பர் 24ஆம் தேதி அறிவிக்கை செய்யப்பட்டன. தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்கள் தாமே ஒழுங்குபடுத்துகின்றன. மேற்கண்ட வழிகாட்டுதலின்படி, நீர் இறைக்கும் சுரங்கத் திட்டங்கள் தடையில்லாச் சான்று பெற வேண்டும். நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் குழாய்கள் அமைக்க வேண்டும். இறைத்த நீரைக் குடிநீர், பாசனம், புழுதி அடக்குதல், ஆற்றோட்டத்தைக் காத்தல் போன்ற பயனுள்ள வேலைக்கு விட வேண்டும். எடுக்கும் அளவுக்குக் கட்டணமும் உண்டு. கனிமம் இருக்கும் இடத்தில்தான் சுரங்கம் அமையும் என்பதால், மிகையாக நீர் எடுக்கப்பட்ட பகுதிகளிலும் சுரங்கங்களுக்குச் சான்று மறுக்கப்படுவதில்லை.

இங்கே மீட்டர் பம்பில் இருக்கிறது. பம்பு செய்யாமலே குழியில் வெளிப்பட்டு ஆவியாகும் நீரைத் தனி இனமாக எழுதி, அதே அளவை ஆற்றுக்குத் திருப்ப வேண்டும் என்ற கடமை இந்த வழிகாட்டுதலில் இல்லை. ஆற்று மணலைப் பொறுத்தவரை இந்திய விதிகள் வேறு பாதையில் செல்கின்றன: நீர்மட்டத்தைத் தொடாமல், குறித்த ஆழத்துக்குள் அள்ள வேண்டும் என்கின்றன. கொலராடோ தொடவிட்டுக் கணக்குக் கேட்கிறது. இந்தியா தொடாதே என்கிறது. கோட்பாட்டில் இந்திய விதியே கடுமையானது. அதை மீறி ஆழமாகத் தோண்டிய குழிக்கு அபராதம் விதிக்கலாம். ஆண்டுதோறும் ஆவியாகும் நீருக்கு ஏடு இல்லை.

நிலைமை முற்றியபோது இந்தியாவில் விடை தடையாகவே வந்துள்ளது. தில்லி - ஹரியாணா எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் வரையிலும் ஆரவல்லி மலையிலும் சுரங்க வேலையையும் நிலத்தடி நீர் இறைப்பையும் நிறுத்த உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் உத்தரவிட்டது. 2009 மே 8ஆம் தேதி, ஃபரீதாபாத், குருகிராம், மேவாத் ஆகிய ஆரவல்லிப் பகுதிகளில் சுரங்க வேலை முழுவதையும் நிறுத்திவைத்தது.

குழி மூடும் கட்டத்தில் இரு நாடுகளின் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இந்தியாவில் பல சுரங்க மூடல் திட்டங்கள், மிஞ்சும் குழியை மழைநீர் சேமிக்கும் நீர்நிலை என்று நன்மைப் பட்டியலில் சேர்க்கின்றன. அதற்குச் சான்றும் உண்டு. 2017, 2019 வறட்சிக் காலங்களில் சென்னைக் குடிநீர் வாரியம், மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளின் நீரைச் சுத்திகரித்து நகருக்கு வழங்கியது. அது கடும்பாறைக் குவாரி. பருவமழை நிரப்பும் பள்ளம். ஆற்றோரச் சரளைக் குழியோடு அதை அப்படியே ஒப்பிட இயலாது. சரளைக் குழியில் நிற்பது பெரும்பகுதி ஏற்கெனவே ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த நீர். தென்னிந்தியச் சமவெளியில் திறந்த நீர்ப்பரப்பின் ஆவியாதல் கொலராடோவைவிடக் கூடுதல், ஆண்டுக்கு 1.5 மீட்டரைத் தாண்டும் இடங்கள் பல. அந்த அளவில் 10 ஏக்கர் நீர்ப்பரப்பு ஓராண்டில் வானுக்கு அனுப்புவது 6 கோடி லிட்டர்.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில், நாட்டில் ஆண்டுக்கு எடுக்கத்தக்க நிலத்தடி நீர் 406.19 பில்லியன் கன மீட்டர், எடுக்கப்படுவது 245.64 பில்லியன் கன மீட்டர். மதிப்பிட்ட 6,746 பகுதிகளில் 751 மிகையாக நீர் எடுக்கப்பட்டவை. அந்த 751 பகுதிகளில் ஆற்றோரக் குவாரிகள் உள்ள இடங்களிலாவது, மூடல் திட்டத்தில் 'நீர்நிலை' என்று எழுதும் முன் அதன் பரப்பையும் ஆண்டு ஆவியாதலையும் பக்கத்தில் குறிப்பது, புதிய சட்டம் எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய வேலை.